‘விஷ்’ என்ற வார்த்தையும் பாண்டிச்செல்வியும்

கோர்ட்டில் எனக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளராக வந்த கணேசன் போன மாதம் போன் செய்தார். நலம் விசாரிக்கக் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். ஏதாவது ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால்தான் என் ஞாபகம் வரும்.

"அண்ணே, 'விஷ்'னு இங்கிலீஷ்ல இருந்தா நீங்க தமிழ்ல என்ன போடுவீங்க?"

"விருப்பம்னு போடுங்க. இதுக்கா போன்?"

"அது எனக்குத் தெரியாதாண்ணே? பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு ஒரு கேஸு. இப்பல்லாம் அதுக்குத் தனி ரூம் இருக்கு. பொம்மையெல்லாம் வாங்கி வச்சிருக்காங்க. பிள்ளைககிட்டப் பேசுறதுக்குன்னே படிச்ச ஒரு அம்மா வாராங்க. அம்புட்டும் இருக்கு, ஆனா பிள்ளை வாயைத் திறக்க மாட்டேங்குது. பேசாத பிள்ளையோட விருப்பத்துக்கு என்னண்ணே போடுறது?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எரிச்சல் வந்தது. கணேசன் மேல் இல்லை, அந்த வார்த்தையின் மேல். பிறந்தநாள் அட்டையிலும் இருக்கும், உயிலிலும் இருக்கும், சாகக் கிடக்கிறவன் வாக்குமூலத்திலும் இருக்கும். என் உத்தியோகக் காலம் முழுக்க அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளியுமா என்று பார்க்கிறேன். தெளியும் என்று உத்தரவாதம் ஒன்றும் தர மாட்டேன்.

என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அந்தப் புண்ணியத்தில் எனக்கு இங்கிலீஷ் வந்தது. பி.ஏ. முடித்து, டைப்பும் கற்று, தேர்வு எழுதி, எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரையில் கோர்ட் வேலைக்கு வந்தேன். கோரிப்பாளையத்தில் வாடகை வீடு, போக வர சைக்கிள். முதல் சில வருஷங்கள் கட்டுக் கட்டாகப் பத்திரங்களைத் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றியதோடு சரி. அப்புறம் கோர்ட் ஹாலுக்குள் அனுப்பினார்கள். அங்கேதான் மனிதர்கள் பேசினார்கள், வம்பும் ஆரம்பித்தது.

வேலை இப்படித்தான் நடக்கும். ஜட்ஜ் இங்கிலீஷில் கேட்பார். நான் அதைச் சாட்சிக்குப் புரிகிற தமிழில் கேட்பேன். சாட்சி சொல்வதை இங்கிலீஷில் ஜட்ஜிடம் சொல்வேன். அவர் அதை ஒழுங்கு செய்து வாய்விட்டுச் சொல்ல, டைப்பிஸ்ட் அடிப்பார். கடைசியில் அடித்த இங்கிலீஷை நான் மறுபடி தமிழில் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். "நான் சொன்னது இதுதான்" என்று அவர் கையெழுத்துப் போடுவார். அவர் சொன்னது இரண்டு ஆற்றைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கும். பாதிப் பேர் தாங்கள் சொன்னதை அடையாளம் தெரியாமல்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் அதிக நாள் வேலை பார்த்தது ஒரு ஜட்ஜ் ஐயாவிடம். சொந்த ஊர் ஆந்திர எல்லைப் பக்கம், வீட்டில் தெலுங்கு, படித்தது முழுக்க இங்கிலீஷ். தமிழ் படிப்பார், பேசுவார். ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் வேகமாகப் பேசினால் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாட்சி பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்துவிடுவார். பார்வை மங்கலாக இருந்தால் காது நன்றாகக் கேட்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம். என்னிடம் அவருக்கு இருந்த விதி ஒன்றே ஒன்றுதான்: "சொன்னதைச் சொல்லுங்கள். சொல்ல நினைத்ததைச் சொல்லாதீர்கள்."

கேட்க நன்றாக இருக்கிற விதி. நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வாய்க்கால் தகராறில் பக்கத்து வயல்காரனை அரிவாளால் வெட்டிய ஒரு சம்சாரி கூண்டில் நின்றார். வெட்டு தோளோடு போய்விட்டது, ஆள் பிழைத்துக்கொண்டார். "அவரைக் கொல்ல வேண்டும் என்ற விருப்பம் உனக்கு இருந்ததா?" என்று கேட்கச் சொன்னார் ஜட்ஜ். நான் கேட்டேன்.

"விருப்பமெல்லாம் இல்லைங்கய்யா. அவன்மேல எனக்கு என்ன விருப்பம்? வெட்டணும்னு வந்துச்சு, வெட்டிட்டேன்."

"எங்கிருந்து வந்தது?" என்றார் ஜட்ஜ்.

"அது எனக்குத் தெரியலைங்களே. வந்துச்சு, போயிருச்சு. இப்ப இல்லை."

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. மத்தியானம் சேம்பரில் என்னைக் கூப்பிட்டு, "வந்து போகிற ஒன்றை விருப்பம் என்று சொல்லலாமா?" என்று கேட்டார். என்னிடம் இருந்த மூன்று அகராதிகளையும் புரட்டிவிட்டு, தெரியவில்லை என்று சொன்னேன்.

இன்னொரு கேஸில் ஒரு பெரியவர் தன் உயிலில், சின்ன மகன்தான் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தன் ஆசை என்று எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனார். ஆசை என்றால் கட்டளையா, வெறும் நினைப்பா என்று இரண்டு வக்கீல்கள் ஒரு மழைக்காலம் முழுக்க வாதாடினார்கள். எந்தப் பக்கம் பேசினாலும் எனக்கு அது சரி என்றே பட்டது. அன்றைக்கே நான் இந்த வார்த்தையிடம் தோற்றிருக்க வேண்டும். ஆனால் உண்மையில் நான் தோற்றது பாண்டிச்செல்வியிடம்.

அது எண்பதுகளின் தொடக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கிணறு வெட்டும்போது பாறை சரிந்து ஒருவர் இறந்துபோனார். மனைவிக்குச் சின்ன வயது, கையில் குழந்தை பாண்டிச்செல்வி. அந்தப் பெண்ணின் அண்ணன் அவரை வாத்தியார் பயிற்சியில் சேர்த்துவிட்டார். குழந்தையை இறந்தவரின் அண்ணன் வீட்டில் விட்டார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா ஒச்சம்மாளுக்குப் பிள்ளை இல்லை. பயிற்சி முடிந்ததும் கூட்டிப் போவதாகப் பேச்சு. பயிற்சி முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. வேலை கிடைத்தபோது தங்க இடம் இல்லை. மிஷன் பள்ளி ஒன்றில் வேலை நிலைத்து, வில்லாபுரத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு, டீச்சராகிவிட்ட அம்மா போய்ப் பிள்ளையைக் கேட்டபோது, பிள்ளை நாலாம் வகுப்புக்கு வந்திருந்தது. ஒச்சம்மாள் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். டீச்சர் கோர்ட்டுக்கு வந்தார்.

இரண்டு பேரையும் கூண்டில் நிறுத்தி விசாரித்தபோது நான்தான் மொழிபெயர்த்தேன். டீச்சர் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஒச்சம்மாள் கேட்காததற்கும் பதில் சொன்னார். "சாமி, அம்மை போட்டப்ப வேப்பிலைய வச்சுக்கிட்டு நான்தானே உக்காந்திருந்தேன்? அப்ப எங்க இருந்துச்சு சட்டம்?" என்றார். நான் அதையும் இங்கிலீஷில் சொன்னேன். ஒருத்தர் பெற்றவர், ஒருத்தர் வளர்த்தவர், இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. இதில் யாராவது ஒருத்தர் கொஞ்சம் மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஜட்ஜ் பிள்ளையை மட்டும் சேம்பருக்கு வரச் சொன்னார். வக்கீல்களை வெளியே அனுப்பினார். கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். நான், அவர், அந்தப் பிள்ளை. எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, கெண்டைக்கால்வரை இறங்கிய பாவாடை. உட்காரச் சொன்னதற்கு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தது.

வாசலில் நிற்கிற டவாலியை அனுப்பி ஒரு கலர் சோடா வாங்கி வரச் சொல்லியிருந்தார் ஜட்ஜ். ஆரஞ்சு நிறத்தில் பாட்டில் வந்தது.

"குடிம்மா," என்றார் தமிழிலேயே.

"வேணாம் சார்."

"பரவாயில்லை, குடி."

"வேணாம் சார்."

ஜட்ஜ் பாட்டிலை எடுத்துக்கொண்டு போகும்படி டவாலிக்குக் கண்ணைக் காட்டினார். பழக்கத்தில் நான், "அட, குடி தாயி," என்றேன். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி, உறிஞ்சுகுழலில் காற்று சத்தம் கேட்கிறவரை குடித்து முடித்தது.

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "வேண்டாம் என்றுதானே சொன்னாள்?"

நான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் அடுத்தவர் வீட்டில் எது கொடுத்தாலும் முதல் தடவை வேணாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கையை நீட்டினால் வீட்டுக்குப் போனதும் தொடையில் கிள்ளு விழும். நல்ல வளர்ப்பு என்றால் அதுதான். பெண்பிள்ளை என்றால் இன்னும் கண்டிப்பு.

"எல்லாவற்றுக்குமா?"

"எல்லாத்துக்கும்தான் சார். எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப நானே ரெண்டு தடவை காபி வேணாம்னு சொன்னவன்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்து என்ன கேட்கப் போகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். எனக்கும்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

"அம்மாவோடு போய் இருக்க உனக்கு விருப்பமா என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"வேணாம் சார்."

வேணாம் என்ற சொல்லுக்கு இங்கிலீஷ் தேட வேண்டியதே இல்லை, டவாலிக்குக்கூடத் தெரியும். ஆனால் இது எந்த வேணாம்? கலருக்குச் சொன்ன வேணாமா, நிஜ வேணாமா? சொன்னதைச் சொல்லுங்கள் என்பது அவர் விதி. ஆனால் வழக்கத்தை விளக்கிவைத்தவன் நான்தானே. ஜட்ஜ் என் பதிலுக்குக் காத்திருக்காமல், "மறுபடி கேளுங்கள்," என்றார்.

"வேணாம் சார்."

"இன்னும் ஒரு தடவை."

மறுபடி கேட்டேன். "அம்மாகூட இருக்கியா தாயி?"

"சரி சார்."

ஜட்ஜ் பேனாவை எடுத்தார், எழுதவில்லை. "பெரியம்மா வீட்டிலேயே இருக்க விருப்பமா என்றும் கேளுங்கள்," என்றார்.

"வேணாம் சார்." மறுபடி கேட்டேன். "வேணாம் சார்." மூன்றாம் தடவை: "சரி சார்."

ஒரு எழுத்து மாறவில்லை. ஜட்ஜ் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றார். முதல் தடவை சொன்னதை எடுத்தால் பிள்ளைக்கு இரண்டு பேருமே வேண்டாம். மூன்றாம் தடவை சொன்னதை எடுத்தால் இரண்டு பேரும் வேண்டும். மூன்று தடவை கேட்டால் எந்தப் பிள்ளைதான் சரி என்று சொல்லாது? ஒரு தடவை மட்டும் கேட்டிருந்தால் எங்களுக்கு ஒரு பதிலாவது இருந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்றும் தோன்றியது, இருந்திருந்தால் அநியாயமாகப் போயிருக்குமே என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றினால் மனுஷன் என்ன செய்வான்?

ஜட்ஜ் திரும்பி வந்தார். "நீங்கள் உங்கள் பாஷையில் பேசிப் பாருங்கள். நான் குறுக்கே வரவில்லை."

கோர்ட்டில் என் வாயால் என் சொந்தப் பேச்சைப் பேசியது அன்றைக்குத்தான். அந்தப் பிள்ளைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தேன்.

"தாயி, இது விருந்தாளி வீடு இல்ல. இங்க மரியாதையெல்லாம் பாக்க வேணாம். உம்மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லு. யாரும் வைய மாட்டாங்க."

பிள்ளை பாவாடையின் கரையைத் திருகிக்கொண்டே இருந்தது. அப்புறம் கேட்டது: "நான் சொல்றது அவுகளுக்குத் தெரியுமா சார்?"

"யாருக்கு?"

"அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும்."

நான் ஜட்ஜிடம் சொன்னேன். தெரியாது என்று அவர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, தமிழில் சொன்னார். "தெரியும் அம்மா. தீர்ப்பில் எழுத வேண்டும். எல்லாருக்கும் படித்துக் காட்டுவார்கள்."

"அப்ப நீங்களே சொல்லிருங்க சார். நான் ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லிருங்க."

சொல்லும்போது அழவில்லை. வீட்டு வேலையில் உதவி கேட்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் கேட்டது.

"என்ன சொல்கிறாள்?" என்று ஜட்ஜ் கேட்டார். அவருக்குப் புரிந்திருந்தது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இங்கிலீஷில் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

பிள்ளை வெளியே போனதும் ஒரு காரியம் செய்தார். அதுவரை செய்யாத காரியம். என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்.

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது? யாரிடம் போக நினைக்கிறாள்?"

"எனக்குத் தெரியலை சார்."

"எனக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு விருப்பத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அதை எழுதினால் அது நிறைவேறாது."

வாதமெல்லாம் முடிந்து தீர்ப்பு வந்தது. பிள்ளை அம்மாவிடம் போக வேண்டும், பள்ளி விடுமுறை முழுவதும் ஊரில் பெரியம்மாவிடம் இருக்க வேண்டும். படிப்பு, பெற்றவர் உரிமை என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. பிள்ளையைப் பற்றி ஒரே வரி: 'சிறுமியைத் தனியே பார்த்தேன், அவள் எந்த விருப்பமும் தெரிவிக்கவில்லை.' சொன்னதைச் சொல்லுங்கள் என்று என்னை விரட்டி விரட்டி வேலை வாங்கிய மனிதர் எழுதிய வரி அது. அதைத் தமிழில் இரண்டு பக்கத்துக்கும் படித்துச் சொன்னவன் நான். அந்தத் தீர்ப்பு சரியா என்று இன்றைக்குக் கேட்டால்கூட என்னால் சொல்ல முடியாது.

வராந்தாவில் ஒச்சம்மாள் என்னை நிறுத்தினார். பிள்ளையின் துணிமணி இருந்த மஞ்சள் பையை ஏற்கெனவே டீச்சர் கையில் கொடுத்திருந்தார். தனியாகக் கொஞ்சம் தள்ளி வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"சாமி, நெசத்தைச் சொல்லுங்க. எம்பிள்ளை என்னைய வேணாம்னு சொல்லுச்சா?"

"இல்லம்மா. சொல்லலை."

"அம்புட்டுப் போதும்யா." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிள்ளையின் கன்னத்தை ஒரு தடவை தடவினார். "லீவுக்கு வந்துரு தங்கம்," என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் பின்னால் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் உள்ளே திரும்பினேன். டீச்சர் கூப்பிட்டார். ஒரு கையில் பை, ஒரு கையில் பிள்ளை. ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நான் வேணும்னு அவ சொல்லவே இல்லையா?"

பெரியம்மா கேட்டதும் இவர் கேட்டதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். ஒரே பதில்தான் என்னிடம் இருந்தது. அங்கே ஆறுதலாகப் போன பதில் இங்கே என்ன செய்யும் என்று தெரிந்தே சொன்னேன்.

"இல்லைங்க டீச்சர். பிள்ளை ஒண்ணும் சொல்லலை."

"சரி சார்," என்றார். அப்புறம் உதட்டைக் கடித்தார். அத்தனை நாள் கூண்டில் நின்று அழாதவர், கேஸ் ஜெயித்து, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வக்கீல்களும் கட்சிக்காரர்களும் போய் வந்துகொண்டிருந்த வராந்தாவில் நின்று அழுதார்.

பாண்டிச்செல்வி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேம்மா," என்றது. "அம்மாதான் வேணும்னு சொன்னேன். அந்த சாருக்கு மறந்துபோச்சு."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிள்ளையும் பார்த்தது.

"ஆமாங்க டீச்சர்," என்றேன். "மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு, ஒச்சம்மாள் காதில் விழுந்திருக்குமோ என்று பயந்து படிப்பக்கம் திரும்பினேன். அந்தப் பிள்ளை எனக்கு முன்னாலேயே திரும்பி அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.